அக்கா முந்தியா, அகல் முந்தியா?

தொடக்கப் பள்ளித் தமிழ்ப் பாடநூல்களின் பயிற்சிப் பகுதியில் தப்பாமல் வரும் ஓர் ஏவல், 'அகர வரிசைப்படுத்துக'. கீழே ஐந்தாறு சொற்கள் இருக்கும். பிள்ளை அவற்றை மாற்றி எழுதும், ஆசிரியர் திருத்துவார், வகுப்பு அடுத்த பயிற்சிக்குப் போய்விடும். வளர்ந்த பிறகு அதே கேள்வி இன்னொரு முறை எதிரே வந்து நிற்கிறது. தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் குரூப் 4 தேர்வுக்கான பொதுத்தமிழில் சொற்களை அகர வரிசைப்படி சீர்செய்தல் ஒரு தலைப்பாகவே இடம்பெற்றிருக்கிறது. எட்டு வயதில் படித்ததை இருபது வயதுக்கு மேல் பயிற்சி மையத்தில் காசு கட்டி மறுபடி படிக்கிறார்கள். இடையில் ஒரு தமிழ் அகராதியைக்கூடப் புரட்டாமலே பலருக்குப் பள்ளிப் படிப்பு முடிந்துவிடுகிறது. இந்தப் பாடத்தில் எங்கோ கோளாறு இருக்கிறது. பாடத்தை வைத்துக்கொள்வதா, தள்ளுவதா, மாற்றுவதா என்பதை இரு பக்கமும் நிறுத்துப் பார்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

தூத்துக்குடிச் சீமையின் ஆறுமுகநேரியை வைத்து இதைப் பேசக் காரணம் உண்டு. உப்பளத்துக்கும் சாகுபுரம் இரசாயன ஆலைக்கும் வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகள், பக்கத்திலேயே காயல்பட்டினத்துப் பிள்ளைகள், கொஞ்சம் தள்ளிப் புன்னைக்காயல் கடற்கரைப் பிள்ளைகள் என்று சில கிலோமீட்டருக்குள் பல விதமான வீடுகள். மழலையர் பள்ளிக்குப் போகும் பிள்ளைக்கு அ, ஆ வருமுன்னே ஏ, பி, சி வந்துவிடுகிறது. காயல்பட்டினத்தில் மதரசாவுக்கும் போகிற பிள்ளைக்கு அலிஃப், பே, தே என்ற மூன்றாவது வரிசையும் சேர்கிறது; தமிழை அரபு எழுத்தில் எழுதிய அரபுத் தமிழ் மரபு தழைத்த ஊர் அது. ஆறு வயதுக்குள் மூன்று வரிசைகளை ஒரு பிள்ளை தனித்தனியே தலையில் வைத்திருக்கிறது; ஒன்றோடொன்று குழப்பிக்கொள்வதும் இல்லை. ஆகவே வரிசையை மனப்பாடம் செய்வது பிள்ளைகளுக்குப் பெரிய சுமை என்ற வாதத்தை இங்கேயே தள்ளிவிடலாம். ராகம் போட்டுச் சொன்னால் எந்த வரிசையும் ஏறும்.

ஏறிய வரிசையை வைத்து என்ன செய்ய முடிகிறது என்பதுதான் கேள்வி. அகர வரிசை என்ற ஒரே பெயரில் நாம் இரண்டு வேலைகளைச் சொல்கிறோம். ஒன்று, எழுத்துகளை முறையாக ஓதுவது. இன்னொன்று, சொற்களை அந்த முறையில் அடுக்குவதும் அடுக்கியிருப்பதில் தேடி எடுப்பதும். முதலாவது நாக்கின் பழக்கம். இரண்டாவதற்கு ஒப்பிடும் அறிவு வேண்டும்: இது அதற்கு முன்னால், அது மற்றதற்கு முன்னால், ஆகவே இது மூன்றுக்கும் முன்னால் என்று தொடர்ந்து நினைக்க வேண்டும். குச்சிகளை உயரப்படி அடுக்கச் சொல்லிக் குழந்தைகளைக் கவனித்த ஸ்விட்சர்லாந்து உளவியலாளர் பியாஜே, தட்டுத் தடுமாறாமல் திட்டமிட்டு அடுக்கும் திறன் ஏறத்தாழ ஏழு வயதில் கைகூடுவதாகக் கண்டார். அப்படியானால் ஐந்து வயதுப் பிள்ளை 'அ ஆ இ ஈ' என்று கடகடவென்று ஒப்பிப்பதைக் கேட்டு, அதற்கு வரிசை தெரியும் என்று பெற்றோர் பூரிப்பதில் பாதிதான் உண்மை.

நம் மரபில் ஓதும் வரிசைக்கு நீண்ட வரலாறு இருக்கிறது. எழுத்து முப்பது என்று எண்ணி, அகரத்தில் தொடங்கி னகரத்தில் முடித்துக் காட்டியது தொல்காப்பியம். ஔவையாரின் ஆத்திசூடி 109 அடி. அதை அறவுரையாகவே படித்துப் பழகிவிட்டோம். பாடநூல் ஆசிரியர் ஒருவரின் கண்ணோடு பார்த்தால் வேறொன்று தெரியும். முதல் 12 அடிகளும் உயிர் வரிசையில் போகின்றன, அடுத்தது ஆய்தம், பிறகு ககரம் முதல் னகரம் வரை 18. அங்கே ஔவைக்கு ஒரு சிக்கல். ட, ண, ழ, ள, ன போன்றவை தமிழ்ச் சொல்லுக்கு முதலில் வருவதில்லை. அந்த எழுத்துகளின் முறை வரும்போது அகரத்தையோ இகரத்தையோ முன்னால் வைத்து, உரிய எழுத்தை இரண்டாம் இடத்துக்குக் கொண்டுபோய்விடுகிறார். வகர வரிசையில் வு, வூ, வொ, வோ வர வேண்டிய இடங்களில் உ, ஊ, ஒ, ஓ என்ற உயிர்களையே நிறுத்துகிறார். தமிழில் பாதிக்குச் சற்றுக் குறைவான மெய்கள் சொல்லின் இரண்டாம் இடம் தொட்டுத்தான் வேலை செய்கின்றன என்பதைக் குழந்தைப் பாடத்துக்குள் வைத்த முதல் நூல்களில் இது ஒன்று. நம் இன்றைய பயிற்சித் தாள்கள் இந்த இடத்தைக் கவனிக்கவே இல்லை. அதற்குப் பிறகு வருகிறேன்.

தேடுவதற்கான வரிசை நம்மிடம் பின்னால் வந்தது. திவாகரம், பிங்கலம், சூடாமணி ஆகிய நிகண்டுகள் தெய்வப் பெயர், மக்கட் பெயர், விலங்கின் பெயர், மரப்பெயர் என்று பொருள் வாரியாகச் சொற்களைத் தொகுத்தன. செய்யுளில் இருந்ததால் மாணவர்கள் முழுவதையும் நெட்டுருப் போட்டார்கள். தலைக்குள் இருப்பதைத் தேட எழுத்து வரிசை தேவைப்படவில்லை. 1594இல் சிதம்பரம் ரேவண சித்தர் அகராதி நிகண்டைச் செய்தபோதுதான் சொல்லின் முதலெழுத்து தொகுப்பின் அடிப்படையானது. பத்தே ஆண்டு கழித்து 1604இல் லண்டனில் ராபர்ட் காட்ரி ஆங்கிலச் சொற்களுக்கு ஒரு அகரநிரல் நூல் வெளியிட்டபோது, எழுத்து வரிசையைப் பார்க்காமல் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும், முதலெழுத்துக்குப் பின் இரண்டாம் எழுத்தைப் பார்க்க வேண்டும் என்று வளர்ந்தவர்களுக்கே முன்னுரையில் விளக்க வேண்டியிருந்தது. வீரமாமுனிவரின் சதுரகராதி 1732இல் பெயர், பொருள், தொகை, தொடை என்று நான்கு பிரிவாக வந்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்தபோது அடுக்கும் முறை முற்றிலும் நிலைபெற்றுவிட்டது.

இந்த வரலாற்றில் நம் பாடத்துக்கு ஒரு சான்று கிடைக்கிறது. சொற்களை அகர வரிசையில் அடுக்கும் கலை புத்தகத்தில் தேட வேண்டிய தேவையிலிருந்து பிறந்தது. புத்தகத்தையும் தேடலையும் எடுத்துவிட்டு அடுக்குவதை மட்டும் வகுப்பில் வைத்தால், அது காரணம் தெரியாத ஒரு வேலையாகத்தான் பிள்ளைக்குப் படும்.

இனி எதிர்க்கட்சியின் வாதம். எழுதப் படிக்கக் கற்பதற்கு அகர வரிசை நல்ல வாசல் இல்லை என்று சொல்கிறவர்கள் கையில் வலுவான சான்று இருக்கிறது. 12 உயிரையும் முறையாக எழுதக் கற்ற பிள்ளை அந்த எழுத்துகளை மட்டும் வைத்து எத்தனை சொல் படிக்கும்? ஆ, ஈ, ஏ, ஓ என்ற ஓரெழுத்துச் சொற்களோடு நின்றுவிடும். அதே காலத்தில் ட, ப, ம என்ற மூன்றையும் ஒரு புள்ளியையும் கற்ற பிள்ளை படம், மடம், பட்டம், மட்டம் எல்லாம் படித்துவிடும். மூன்றும் பெரும்பாலும் நேர்கோட்டால் ஆனவை, கைக்கும் எளிது. 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி 2007 வாக்கில் மாநிலம் முழுவதும் பரவிய செயல்வழிக் கற்றல், எழுத்து அட்டைகளை இப்படி வடிவ எளிமை பார்த்துத்தான் கொடுத்தது. தொண்ணூறுகளில் அறிவொளி இயக்கமும் வளர்ந்தவர்களுக்கு அ, ஆவில் தொடங்காமல், அவர்கள் அன்றாடம் புழங்கும் சொற்களில் தொடங்கியது. 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பார்த்துப் பிரித்துச் சொல்லிக் கொடுக்கிறது. அங்கும் படித்துப் பொருள் தெரிந்துகொள்வதே இலக்கு.

மரபுவாதிகளுக்கு இது மனத்தாங்கலாக இருந்தது. அ முதல் எழுத்து, அதை விட்டுவிட்டு டவில் தொடங்கலாமா என்று கேட்டார்கள். அந்த உணர்வை நான் மதிக்கிறேன். ஆனால் கணக்கு அவர்களுக்கு எதிராக இருக்கிறது. ஙகர வரிசையில் ங, ஙா, ஙி என்று 12 உயிர்மெய்களை ஒரு பிள்ளை பக்கம் பக்கமாக எழுதுகிறது. அவற்றில் ஒன்றிரண்டைத் தவிர மற்றவற்றை அது ஆயுளில் ஒரு சொல்லில்கூடச் சந்திக்கப் போவதில்லை. விஜயதசமியன்று தட்டில் அரிசி பரப்பி அகரம் எழுதுவது அழகான தொடக்கம். அடுத்த நாள் முதல் வகுப்பறையில் எந்த எழுத்து என்பதை அந்தச் சடங்கு முடிவு செய்ய வேண்டியதில்லை.

வாசிப்பின் வாசலாக இருக்கத் தகுதி இல்லை என்பதால் வரிசையையே கைவிடலாம் என்று சிலர் போகிற தூரத்துக்கு என்னால் போக முடியாது. ஏ, பி, சி வரிசையில் ஒலி பற்றிய காரணம் எதுவும் இல்லை. பிக்குப் பிறகு சி வருவதற்கு வாய் எந்த விளக்கமும் தராது. தமிழ் மெய் வரிசையில் காரணம் இருக்கிறது. க, ச, ட, த, ப என்று சொல்லிப் பார்த்தால் ஒலி பிறக்கும் இடம் தொண்டைப் பக்கமிருந்து படிப்படியாக உதட்டுக்கு வருவது தெரியும். ஒவ்வொரு வல்லினத்துக்கும் அதே இடத்தில் பிறக்கும் மெல்லினம் பக்கத்திலேயே நிற்கிறது. கங, சஞ, டண, தந, பம என்று இரண்டிரண்டாக ஓதினால் சங்கு, பஞ்சு, வண்டு, பந்து, பாம்பு ஐந்துக்கும் எந்த மெல்லினம் போட வேண்டும் என்பது அந்த ஓதலிலேயே அடங்கிவிடுகிறது. கடைசியில் தனியே நிற்கும் ற, ன இணை, கன்று என்ற சொல்லுக்கு விடை சொல்லும். 'வன்டு' என்று எழுதும் பிள்ளையை நூறு முறை திருத்துவதைவிட டண என்ற இணையை நினைவூட்டுவது மேல். இந்த ஒன்றுக்காகவே ஓதல் வகுப்பில் இருக்கத்தான் வேண்டும். நான்கு நான்காக வெட்டி மூச்சுப் பிடித்து ஓதும் வழக்கத்தில் இந்த இணைகள் காதில் விழாமல் போகின்றன, அதை மாற்றிக்கொள்ளலாம்.

இப்போது அடுக்குவதற்கு வருவோம். திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் போகும் ரயில் ஆறுமுகநேரி வழியாகத்தான் போகிறது. அந்தப் பாதையின் நிலையங்களை ஆளுக்கொரு அட்டையில் எழுதி ஒரு நான்காம் வகுப்பிடம் கொடுத்துப் பார்க்கலாம்: திருநெல்வேலி, பாளையங்கோட்டை, செய்துங்கநல்லூர், தாதன்குளம், ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி, நாசரேத், கச்சனாவிளை, குரும்பூர், ஆறுமுகநேரி, காயல்பட்டினம், திருச்செந்தூர். ரயில் போகும் வரிசை பிள்ளைகளுக்குப் பழக்கமானது. அதைக் கலைத்து அகர வரிசைக்குக் கொண்டுவர வேண்டும். க, கா, கு வரிசையில் கச்சனாவிளை, காயல்பட்டினம், குரும்பூர் மூன்றும் தகராறு இல்லாமல் அமர்ந்துவிடும். தாதன்குளத்துக்குப் பின் இரண்டு ஊர்கள் 'திரு' என்றே தொடங்கும். மூன்றாம் எழுத்தில் ச் முந்தி, நெ பிந்தி, ஆகவே திருச்செந்தூர் முன்னால். எல்லாவற்றுக்கும் தலையில் எந்த ஊர்? இரண்டு ஊர்கள் ஆவில் தொடங்குகின்றன. சொந்த ஊர் முதலில் வர வேண்டும் என்று ஆறுமுகநேரிப் பிள்ளைகள் அடம் பிடிப்பார்கள். ழ, ள, ற, ன என்று ஓதிப் பார்த்தால் ழவுக்குப் பிறகுதான் ற. ஆழ்வார்திருநகரிக்குத்தான் முதலிடம். விரும்பியதை விட்டு விதி சொல்வதை ஏற்பதில் ஒரு பிள்ளைக்கு அறிவின் சுகம் தட்டுப்படும் இடம் அது.

ஸ்ரீவைகுண்டம் ஒரு வழக்கைக் கிளப்பும். ஸ் என்பது தமிழ் எழுத்து வரிசையில் இல்லாத எழுத்து. பெரும்பாலும் அதைக் கடைசியில் வைப்பது வழக்கம். திருவைகுண்டம் என்று எழுதினால் திருநெல்வேலிக்கு அடுத்து வந்து உட்காரும். இரண்டுக்கும் மதிப்பெண் கொடுக்க வேண்டும். எழுத்தை மாற்றினால் இடம் மாறும் என்பதையே பிள்ளை அதில் கற்கிறது.

பாடநூல் பயிற்சிகளின் பெருங்குறை இங்கேதான் வெளிப்படுகிறது. அம்மா, இலை, கண், தட்டு, பழம் என்று முதலெழுத்தெல்லாம் வெவ்வேறாக இருக்கும் சொற்களைத்தான் தொடக்க வகுப்புப் பயிற்சிகள் பெரும்பாலும் கொடுக்கின்றன. ஔவை கண்ட சிக்கலை நினைத்துப் பாருங்கள். ட, ண, ர, ல, ழ, ள, ற, ன ஆகிய எட்டும் பழந்தமிழ்ச் சொல்லுக்கு முதலில் வராதவை. முதலெழுத்தை மட்டும் பார்த்து அடுக்கும் பயிற்சியில் இந்த எட்டும் ஆட்டத்துக்கே வருவதில்லை. டயர், ரயில், லாரி போன்ற வந்த சொற்களைச் சேர்த்தால்தான் மூன்று மட்டும் தலைகாட்டும். பிள்ளைகள் எழுத்துப்பிழை செய்வதும் இந்த எட்டில்தான். ர எங்கே ற எங்கே, ல எங்கே ள எங்கே என்று தடுமாறும் பிள்ளைக்கு உதவ வேண்டிய பாடம், அந்த எழுத்துகளைத் தொடாமலே முடிந்துவிடுகிறது. இது சின்னக் குறையாக எனக்குப் படவில்லை. பாடத்தின் பயனில் பாதியை இது கொண்டுபோய்விடுகிறது.

தூத்துக்குடிச் சீமையில் இந்தக் குறை இன்னும் உறைக்கும். பேச்சில் ழகரம் ளகரமாகவே ஒலிக்கிறது. பழத்தைப் பளம் என்றுதான் தெருவில் கேட்கலாம். அந்த ஒலியை நம்பி அகராதியில் ளகரத்தில் தேடும் பிள்ளைக்குச் சொல் கிடைக்காது. கிடைக்காததே பாடம். ழவும் ளவும் வரிசையில் பக்கத்துப் பக்கத்து வீடுகள் என்பதால் கொஞ்சம் முன்னால் புரட்டினால் பழம் அகப்படும். ர, ற அப்படி இல்லை; யவுக்குப் பின்னால் ஒன்று, கடைசிக்கு முந்தி மற்றொன்று. ந, ன இன்னும் தூரம். தேடித் தோற்று, எழுத்தை மாற்றித் தேடிக் கண்டுபிடித்த சொல்லின் எழுத்து மறக்காது. சொல்லெழுதும் தேர்வு பயமுறுத்திச் செய்யும் வேலையை அகராதி பயமில்லாமல் செய்துவிடும்.

அடுத்தது புள்ளி. அக்கா, அகல் இரண்டில் எது முன்னால் என்று ஆசிரியர்களிடமே கேட்டால் அகல் என்று சிலர் சொல்வார்கள். அவர்கள் பக்கம் ஒரு நியாயம் இருக்கிறது. உயிரும் மெய்யுமாக முதலெழுத்து முப்பதை மட்டும் கொண்டு சொல்லைப் பிரித்தால் அக்கா என்பது அ, க், க், ஆ. அகல் என்பது அ, க், அ, ல். மூன்றாம் இடத்தில் மெய்யும் உயிரும் மோதும். உயிர் முந்தியது என்பதால் அகல்தான் முன்னால் வர வேண்டும். ஆனால் தமிழ் அகராதிகள் ஒலியைப் பிரித்துப் பார்ப்பதில்லை, எழுதிய எழுத்தைப் பார்க்கின்றன. க் என்ற புள்ளி எழுத்து முதலில், க, கா, கி அதற்குப் பின். ஆகவே அக்கா முந்தி, அகல் பிந்தி. அஃறிணை இரண்டுக்கும் முந்தி. இந்த விதி தெரியாமல் தமிழ் அகராதியில் ஒரு சொல்லையும் வேகமாக எடுக்க முடியாது. அப்படியிருந்தும் வகுப்பில் யாரும் இதை வாய்விட்டுச் சொல்வதில்லை.

சொல்லிக் கொடுப்பது கடினமும் இல்லை. வகுப்புச் சுவரில் தொங்கும் உயிர்மெய் அட்டவணையிலேயே விதி இருக்கிறது. ஒவ்வொரு வரிசையின் தலையிலும் புள்ளி வைத்த மெய் நிற்கிறது, அதற்குப் பின் க, கா, கி, கீ. அந்தப் படத்தை இடமிருந்து வலமாக, வரிசை வரிசையாகப் படித்துக்கொண்டு போனால் அதுவே அகராதியின் இரண்டாம் எழுத்து வரிசை. 247 எழுத்தையும் எழுதிப் பழக மட்டுமே மாட்டிவைத்த படத்தை ஒரு தேடும் கருவியாகப் பிள்ளைக்குக் காட்டிக்கொடுக்க ஒரு பாடவேளை போதும்.

உப்பளச் சொற்களை வைத்து இதைச் சோதிக்கலாம். அளத்து வேலைக்குப் போகும் வீட்டில் புழங்கும் சொற்கள்: பாத்தி, தெப்பம், தட்டுமேடு, அம்பாரம், நஞ்சோடை, உப்பு, உப்பளம், அளம். அம்பாரம் முதலில், அளம் அதற்குப் பின், மவுக்குப் பிறகுதான் ள. உப்புக்கும் உப்பளத்துக்கும் இடையில்தான் சண்டை வரும். "உப்புதான டீச்சர் சின்னது, அது ஏன் பின்னால போகுது?" என்று ஒரு பிள்ளை கேட்டால் அந்தக் கேள்விக்கு வகுப்பு முழுவதையும் செலவிடலாம். சொல்லின் நீளம் இங்கே பேசாது. மூன்றாம் எழுத்தில் ப முந்தி, பு பிந்தி. ஒரு சொல் இன்னொரு சொல்லுக்குள் முழுதாக அடங்கியிருந்தால் மட்டும் சின்னது முன்னால் வரும்: முத்து முந்தி, முத்துக்குளிப்பு பிந்தி. இரண்டு விதியும் தெரிந்த பிள்ளைக்கு அகராதி திறந்துவிட்டது.

செல்பேசியில் தட்டினால் பொருள் வந்துவிடுகிற காலத்தில் இதெல்லாம் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. தேடுவதற்கு இன்று வரிசை முன்போல் தேவைப்படுவதில்லை என்பதை மறுக்க முடியாது. ஆனால் செல்பேசியும் கணினியும் பெயர்களை வரிசையாகத்தான் காட்டுகின்றன. அந்த வரிசை எப்போதும் சரியாக இருப்பதில்லை. யூனிகோடில் தமிழ் எழுத்துகளுக்குக் கொடுத்த எண் வரிசை, தேவநாகரியை ஒட்டி அமைந்த இந்திய எழுத்துத் தரத்தைப் பின்பற்றியது. அதில் நவுக்கு அடுத்து ன, ரவுக்கு அடுத்து ற, லவுக்குப் பின் ள, ழ, அதற்கும் பின்னால் வ. அந்த எண்ணை மட்டும் பார்த்து அடுக்கும் நிரலில் ஆறுமுகநேரி ஆழ்வார்திருநகரிக்கு முன்னால் வந்துவிடும். புள்ளிக்கான குறி உயிர்மெய்க் குறிகளுக்கெல்லாம் பின்னால் இருப்பதால் அக்கா அகலுக்கும் அகிலத்துக்கும் பின்னால் போய்விடும். தமிழ் வரிசையைத் தனியே சொல்லிக் கொடுத்த மென்பொருள்கள் சரியாக அடுக்குகின்றன. சொல்லிக் கொடுக்காதவை பிழையாக அடுக்குகின்றன. தமிழ்நாடு அரசு 2010இல் யூனிகோடோடு டேஸ்-16 என்ற குறியீட்டையும் தரமாக அறிவித்ததற்கு இந்த வரிசைச் சிக்கலும் ஒரு காரணம். கருவியின் பிழை தமிழ் வரிசை தெரிந்தவர் கண்ணில்தான் படும். அந்த நிரலை எழுதப் போகிறவர்களும் இந்த வகுப்புகளிலிருந்துதான் வர வேண்டும். செல்பேசி வாதம் பாடத்தின் அவசரத்தைக் குறைக்கிறது, பாடத்தை நீக்கும் அளவுக்கு அதற்கு வலு இல்லை.

என் முடிவைச் சொல்லிவிடுகிறேன். எழுதப் படிக்கக் கற்பிக்கும் பாதையாக அகர வரிசை தோற்றுவிட்டது. அந்த இடத்தில் அதை மறுபடி உட்கார வைக்கக் கூடாது. ஒன்றாம் வகுப்பில் எளிய எழுத்துகளிலிருந்து சொற்களுக்குப் போகும் முறையே தொடரட்டும். அதே வகுப்பில் உயிர் வரிசையையும் மெய் இணைகளையும் தினமும் சில நிமிடம் ஓதட்டும், ஆத்திசூடியையும் சேர்த்துச் சொல்லட்டும்; ஓதுவதை எழுத வைத்துத் தண்டனை ஆக்க வேண்டாம். ஙகர வரிசையை முழுதாக எழுதச் சொல்வதை அடியோடு நிறுத்தலாம். சொற்களை அடுக்குவது இரண்டாம் வகுப்பின் பின்பகுதியில் தொடங்கலாம், அதற்கு முன்னால் வேண்டாம். முதலெழுத்துப் பயிற்சிக்குச் சில வாரம் போதும். மூன்றாம் வகுப்பின் முதல் பருவத்திலேயே இரண்டாம் எழுத்துக்குப் போய்விட வேண்டும், புள்ளியின் விதியை வெளிப்படையாகச் சொல்லி. நான்காம் வகுப்பில் மூன்றாம் எழுத்து.

இதில் நான் விட்டுக்கொடுக்க முடியாதது ஒன்று: மூன்றாம் வகுப்பு முதல் ஒவ்வொரு வகுப்பறையிலும் பிள்ளைகள் கையெட்டும் இடத்தில் தமிழ் அகராதி இருக்க வேண்டும். தலைமை ஆசிரியர் அறை அலமாரியில் பூட்டிவைத்த பெரிய அகராதியைச் சொல்லவில்லை. நாலைந்து பிள்ளைகளுக்கு ஒன்று என்ற கணக்கில் கையடக்கப் பதிப்புகள் போதும், கிழிந்தால் கிழியட்டும். அதோடு வகுப்பே தனக்கு ஓர் அகராதி செய்துகொள்ளலாம். நீளக் குறிப்பேடு ஒன்றில் எழுத்துவாரியாகப் பக்கம் ஒதுக்கி, ஊர்ச் சொற்களைப் பிள்ளைகள் கொண்டுவந்து சேர்ப்பது. க, ச, த, ப, மவுக்கு அதிகப் பக்கம் விட வேண்டும், ஞவுக்கு ஒரு பக்கமே மிச்சம் என்பதெல்லாம் செய்யும்போதுதான் தெரியும். சாவாளை, சாளை, சீலா, நெத்திலி என்று கடற்கரைப் பிள்ளை எழுதும். பதநீர், பனங்கற்கண்டு, பனங்கிழங்கு என்று பனையேறுகிற வீட்டுப் பிள்ளை எழுதும். சாவாளையா சாளையா எது முந்தி என்ற வாதத்தை அவர்களே தீர்த்துக்கொள்வார்கள்; சுவரில் அட்டவணை இருக்கிறது, வவுக்குப் பின்தான் ள. பாடநூலில் ஒருபோதும் வராத சொற்கள் அந்தக் குறிப்பேட்டில் முதல் முறையாக எழுத்துக்கு வரும் என்பது கூடுதல் பயன். என்னளவில் அது பெரிய பயன்.

தேர்வுக் கேள்வியும் மாற வேண்டும். ஐந்து சொல்லைக் கொடுத்து வரிசையாக எழுதச் சொல்வதில் பிள்ளையின் நேரம் பெரும்பாலும் பார்த்து எழுதுவதிலேயே போகிறது. அகராதிகளில் பக்கத்தின் மேலே அந்தப் பக்கத்து முதல் சொல்லும் கடைசிச் சொல்லும் அச்சாகியிருக்கும். கேள்வியை அங்கிருந்து எடுக்கலாம். ஒரு பக்கத்தின் தலையில் 'உப்பளம் – உமி' என்று இருக்கிறது. உப்பு, உலை, உதடு, உமிழ்நீர் ஆகியவற்றில் அந்தப் பக்கத்தில் எது கிடைக்கும், மற்றவற்றுக்கு முன்னால் புரட்ட வேண்டுமா, பின்னால் புரட்ட வேண்டுமா? விடை எழுத ஒரு வரி போதும். உப்பு மட்டும் அந்தப் பக்கத்தில். உதட்டுக்கு முன்னால், உலைக்குப் பின்னால். உமிழ்நீரில் பாதிப் பிள்ளைகள் தவறுவார்கள். அதற்கும் பின்னால்தான் புரட்ட வேண்டும், உமி அதற்குள் முழுதாக அடங்கியிருப்பதால்.